சம்பந்திக்கு ஒரு கரண்டி கூடுதல்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். தெப்ராவில் எங்கள் வீட்டின் பின்பக்கம், சலவை இயந்திரத்துக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் நடுவில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணில் நீச்சல் கண்ணாடி. கையில் முழங்கை வரை மஞ்சள் ரப்பர் உறை. எதிரில் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பா. டப்பாவுக்குள் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் கிடப்பது என் வருங்காலச் சம்பந்தியின் பொருள்.

சமையலறைச் சன்னல் வழியாகத் தொலைக்காட்சி தெரிகிறது. தொடரில் கதாநாயகிக்குக் கல்யாணம். மேளம் கொட்டுகிறது. தாலி மாப்பிள்ளை கையில் இருக்கிறது, ஆனால் பெண் கழுத்துக்குப் போய்ச் சேரவில்லை. மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு முகத்தையும் மூன்று மூன்று தடவை இடிமுழக்கத்தோடு காட்டுகிறார்கள். நான் விளம்பரத்துக்காகக் காத்திருக்கிறேன். விளம்பரம் வந்தால் டப்பாவிலிருந்து சாமானை எடுக்க வேண்டும்.

விளம்பரம் வரவில்லை.

கொஞ்சம் பொறுங்கள். நான் இங்கே இப்படி உட்கார்ந்திருப்பதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் தன்னைக் கிண்டல் செய்தே பக்கத்தை நிரப்புகிறேன் என்று என் கணவருக்கு ஒரு குறை. அவர் ஒரு தொழிற்சாலையின் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேறொரு தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்ட கதையைப் போன வாரம் எழுதியதிலிருந்து வீட்டில் பேச்சு கொஞ்சம் குறைவு. அதனால் இந்த வாரம் என் தலை உருளட்டும்.

கார் வந்த கதை

என் கணவர் மணியம் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். ஒரு வருடக் கடைசி விருந்தில், அதிர்ஷ்டக் குலுக்கலில் அவர் பெயர் வந்தது. முதல் பரிசு மோட்டார் சைக்கிள், இரண்டாம் பரிசு ஃபிரிட்ஜ். இவருக்கு விழுந்தது ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார். ஒரு முழ நீளம் இருக்கும்.

"ரைஸ் குக்கராச்சும் விழுந்திருக்கலாம்" என்றேன்.

அவர் அதை வீட்டு முன்னால் இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் கார் சாக்கடைக்குள் பாய்ந்தது. எடுத்துக் கழுவி, துடைத்து, அலமாரி மேல் வைத்துவிட்டு, இனி இது நமக்கு ஆகாது என்று கையைக் கழுவிவிட்டார்.

நான் மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்து, தலைமயிர் தடிமன் கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டி ஒட்டிப் பழகிய கை. கெட்டுப்போன ஒரு சாமான் என் வீட்டு அலமாரியில் சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தேன். ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. ஒட்டினேன். ஓடுகிறதா என்று பார்க்க விசையை அழுத்தினேன்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

எங்கள் பக்கம், மூடிப்போன ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிறு காலைகளில் இந்தக் கார்க்காரர்கள் கூடுவார்கள். டயர் கடை சீனர், மலாய்ப் பள்ளி ஆசிரியர், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் நாலைந்து பேர். முதல் வாரம் நான் யாருக்கோ துணையாக வந்திருக்கிறேன் என்று நினைத்து, நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மூன்றாவது வாரம் அதே நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்து, நான் அவர்கள் காருக்குக் கம்பி ஒட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். இப்போது "ஆண்ட்டி வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தயம் தொடங்குகிறது. இதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

நிறம் உரிப்பது

இந்தக் கார்களுக்கு அலுமினியத்தில் விதவிதமான உதிரிப் பாகங்கள் விற்கிறார்கள். பாகங்கள் நல்லவை. நிறம்தான் சகிக்காது. நீலம், ஊதா, சிவப்பு, பச்சை என்று எல்லாம் ஒரே காரில் சேர்ந்தால் தீபாவளிப் பலகாரத் தட்டு மாதிரி இருக்கும். அதுவும் நம் ஊர் வெயிலில் ஆறு மாதம் காய்ந்தால் ஊதா வெளுத்து, சாயம் போன பாவாடை நிறத்துக்கு வந்துவிடும். அலுமினியம் அலுமினிய நிறத்தில் இருந்தால் என்ன குறைந்துவிடும்? எனக்குப் பளபளவென்று வெள்ளியாக இருந்தால்தான் பிடிக்கும்.

முதலில் அது பெயிண்ட் என்று நினைத்துத் தின்னரில் ஊறப்போட்டேன். தின்னர்தான் தீர்ந்தது. கத்தியால் சுரண்டினேன். கத்தி மழுங்கியது. பிறகு எங்கள் தொழிற்சாலையில் உலோகப் பூச்சுப் பகுதியில் வேலை செய்யும் ஒரு தோழி விளக்கினாள். அது மேலே பூசியது இல்லையாம். மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் தோலையே தடிக்க வைத்து, அந்தத் தோலுக்குள் சாயத்தை ஊற வைத்திருக்கிறார்கள். நிறம் போக வேண்டுமானால் தோல் போக வேண்டும். தோல் போக காஸ்டிக் சோடா வேண்டும். அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் கொட்டுவதற்கு ஹார்ட்வேர் கடையில் விற்பார்களே, அதே சோடாதான்.

அந்தச் சோடாவைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்தது சாஆ என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். அங்கே என் அம்மா ஒரு தடவை வடிகால் அடைப்புக்கு வாங்கிய சோடாவை அலுமினிய வாளியில் கரைத்தார். வாளி சீறியது. மத்தியானத்துக்குள் அடியில் ஓட்டை. அம்மா நேரே வாளி விற்ற கடைக்குப் போய், ஓட்டை வாளியைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சண்டை போட்டு, புது வாளியோடு திரும்பினார். அந்தக் கடைக்காரருக்கு நான் இந்தப் பக்கத்தின் மூலமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே எனக்குப் பிளாஸ்டிக் டப்பா. முதலில் தண்ணீர், அப்புறம்தான் சோடா, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும். அடுப்பில்லாமலேயே தண்ணீர் சூடேறும். காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும், கிட்டத்தில் நெருப்பு கூடாது, கண்ணும் கையும் மூடியிருக்க வேண்டும். இதில் எனக்கு விளையாட்டு கிடையாது.

சாமானை உள்ளே போட்டதும் சுற்றிலும் குமிழ் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் நீலம் ஓரங்களில் கலையத் தொடங்கும். அதைப் பார்க்கிற சுகம் எனக்கு எந்தச் சினிமாவிலும் கிடைத்ததில்லை. வெளியே எடுத்தால் மேலே கறுப்பாக மசி பிடித்திருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இடத்தில் பயந்துவிடுவார்கள். நான் நன்றாக அலசிவிட்டு, சாமி விளக்குத் துலக்குகிற புளியைப் போட்டுத் தேய்ப்பேன். பிறகு மெல்லிய துணியில் திருநீற்றைத் தொட்டு மெருகேற்றுவேன்.

"காருக்கு விபூதி அபிஷேகமா?" என்று கேட்பார் என் கணவர்.

கேட்கட்டும். சன்னலில் வைத்தால் வெயில் பட்டு எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் ஆடும்.

நேரம்தான் முக்கியம். அளவுக்கு மேல் ஊறினால் தோலோடு சதையும் போகும். கையில் உறை இருப்பதால் கைப்பேசியைத் தொட முடியாது. ஒன்றைத் தொட்டு அந்தத் தண்ணீருக்குக் காவு கொடுத்தும் ஆகிவிட்டது. ஆகவே நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். மூன்று கரண்டி சோடா. தொடரில் ஒரு விளம்பரம் முடிந்ததும் சாமானைப் போடுவது, அடுத்த விளம்பரம் வந்ததும் எடுப்பது. இந்தக் கணக்கு ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

மெர்சிங்காரர்

எங்களுக்கு ஒரே பெண், ஷாலினி. மருந்தகத்தில் வேலை. கூட வேலை செய்யும் நிரஞ்சனைப் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். நல்ல பையன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். எனக்கு அதிலேயே திருப்தி.

பயம் அவன் அப்பாவைப் பார்த்தபோது வந்தது. சிவபாதம் என்று பெயர். நில அளவைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, கடலோர ஊரான மெர்சிங்கில் இருக்கிறார். யாழ்ப்பாணத்து வழி. உயரம், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. நிச்சயதார்த்தத்தில் மொத்தம் மூன்று வாக்கியம் பேசினார். நான் எண்ணினேன். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவது அவர்கள் வழக்கம், எங்களுக்கு அது இல்லை. எதைக் கேட்டாலும் அவர்கள் "உங்கட விருப்பம்" என்பார்கள், நாங்கள் "உங்க இஷ்டம்" என்போம். ஒன்றும் முடிவாகாது.

மனதில் இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன். நான் தோட்டத்தில் பிறந்தவள். பாதி மலாய் கலந்த என் தமிழ் அவர்கள் எதிரில் வாயைவிட்டு வர மறுத்தது. என் பெண் போய் வாழப்போகிற வீட்டில் எங்களை ஒரு படி கீழே வைத்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

மண்டபம் பற்றிப் பேச ஒரு சனிக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மண்டபத்தைப் பற்றி ஐந்து நிமிடத்தில் பேசி முடித்தாயிற்று. பிறகு சிவபாதத்தின் கண் அலமாரி மேல் இருந்த காருக்குப் போனது. எழுந்து போய்க் குனிந்து பார்த்தார்.

"இதை ஆர் ஓட்டுறது?"

என் கணவர் குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது போல, "அவங்கதான்" என்று என்னைக் கை காட்டினார்.

"இந்தச் சாமான் நீலமாத்தானே வாறது. நிறத்தை என்ன செய்தனீங்கள்?"

"உரிச்சிட்டேன், சம்பந்தி."

"எப்பிடி?"

சோடாவிலிருந்து திருநீறு வரைக்கும் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டார். அவர் மனைவி புவனா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். வேலையில் சேர்ந்த புதிதில் சிங்கப்பூரில் வாங்கிய இதே மாதிரி ஒரு கார் அவரிடம் இன்னும் இருக்கிறது. கடற்கரை மணலில் ஓட்டுவாராம். உப்புக் காற்றில் நீலமெல்லாம் திட்டுத் திட்டாகிவிட்டது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. ஒரு பாகம் உடைந்தாலும் மாற்றுக் கிடையாது.

"ஒரு நாளைக்கு அதை வெள்ளியாப் பாக்கவேணும் எண்டு ஆசை" என்றார்.

அடுத்த வாரம் நிரஞ்சன் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் முன்சக்கரத்தைத் தாங்குகிற பாகம். ஆர்ம் என்று சொல்வோம், உள்ளங்கை நீளம் இருக்கும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "திருமதி மணியம் அவர்களுக்கு. இது வலது ஆர்ம். முதலில் இது ஒன்று மட்டும். சரியாக வந்தால் இடது ஆர்மும் தருகிறேன். அவசரமில்லை."

ஷாலினி அந்தச் சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ம்மா, அவரு இத யாரையும் தொடவே விடமாட்டாராம். நிரஞ்சன் சின்ன வயசுல ஒரு தடவ எடுத்ததுக்கு ஒரு வாரம் பேசலையாம். பார்த்துச் செய்யுங்க லா."

நாலாவது கரண்டி

நம் வீடுகளில் சம்பந்தி சாப்பிட உட்கார்ந்தால் என்ன செய்வோம்? எல்லாருக்கும் ஒரு கரண்டி நெய் என்றால் அவருக்கு இரண்டு. பாயசம் வேண்டாம் என்று இலையைக் கையால் மறைத்தாலும் விரல் இடுக்கில் ஊற்றுவோம். கை அப்படியே பழகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று கரண்டி சோடா போட்டுக் கரைத்தேன். டப்பாவைப் பார்த்தேன். சம்பந்தி வீட்டுச் சாமான், ஒரு திட்டுக்கூட மிச்சம் நிற்கக் கூடாது என்று தோன்றியது. நாலாவது கரண்டி தன்னால் போய் விழுந்தது.

தொடரில் விளம்பரம் முடிந்தது. ஆர்மை உள்ளே விட்டேன். குமிழ் வழக்கத்தைவிட வேகமாகக் கிளம்பியது. நீலம் அழகாகக் கலைந்தது. அடுத்த விளம்பரம் வந்ததும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

அன்றைக்குச் சிறப்பு அத்தியாயம் என்பதும், கல்யாணம் முடியும்வரை இடைவேளையே கிடையாது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளை தாலியைத் தூக்கினார். அத்தை முகம் மூன்று முறை. வில்லி முகம் மூன்று முறை. வாசலில் போலீஸ். போலீஸ் முகம் மூன்று முறை. எனக்கும் ஒரு கட்டத்தில் டப்பா மறந்துவிட்டது. எழுந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டுவானா மாட்டானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிவிட்டான். கதாநாயகி மயங்கி விழுந்தாள். அந்த அமைதியில்தான் என் முதுகுக்குப் பின்னால் டப்பா சீறுவது காதில் விழுந்தது.

பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்தேன். அலசினேன். மசியைத் தேய்த்தேன். நிறம் போயிருந்தது, சந்தேகமில்லை. கூடவே ஓரங்களெல்லாம் கரைந்து மழுங்கியிருந்தன. மேலெல்லாம் அம்மைத் தழும்பு. அந்த ஆர்மில், அதைக் காரோடு பிணைக்கும் இரும்பு ஊசி ஒன்று இறுக்கமாக நுழைகிற துளை உண்டு. ஊசியைத் துளைக்குள் விட்டேன். அது நிற்காமல் மறுபக்கம் வழியாக விழுந்து சிமெண்டுத் தரையில் உருண்டு போனது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீச்சல் கண்ணாடிக்குள் அழுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிவப்புத் தட்டு

என் கணவர் வந்து பார்த்தார். "அலமாக். ரோசாக் ஆயிடுச்சா?"

"ஆமா, கெட்டுப்போச்சு."

அவர் உடனே கைப்பேசியில் தேடத் தொடங்கினார். உலகத்தில் எங்கேயும் அந்த ஆர்ம் இல்லை. கைப்பேசியைக் கீழே வைத்தார்.

"தபால்ல காணாமப் போச்சுன்னு சொல்லிறலாம்."

"நிரஞ்சன் கையில கொண்டாந்து குடுத்தாரு. எந்தத் தபாலு?"

"திருப்பி அனுப்புறப்ப காணாமப் போச்சுன்னு சொல்லுவோம்."

மருந்தகத்தில் இருந்த ஷாலினியைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் வேறு மாதிரி சொன்னாள். "ம்மா, ப்ளீஸ், இப்பச் சொல்லாதீங்க. கல்யாணம் முடியட்டும். அவருதான் அவசரமில்லன்னு எழுதியிருக்காரே. இப்பத்தான் ரெண்டு வீடும் கொஞ்சம் சேருது." பெற்ற பெண் அப்படிக் கெஞ்சினால் எந்தத் தாயால் தாங்க முடியும்? சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. என் லைனில் ஒரு சிவப்புத் தட்டு உண்டு. கெட்டுப்போன சாமானை, கெடுத்தவரே தன் பெயரை எழுதி அதில் வைக்க வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன். "கெட்டுப்போனா திட்டமாட்டேன். ஒளிச்சு வெச்சா விடமாட்டேன்." இந்தோனேசியப் பெண்ணுக்கு மலாயில் சொல்வேன், நேப்பாளத்துப் பெண்ணுக்குச் சைகையிலும் சொல்வேன். அன்று காலை புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கண்ணில் நீரோடு, தான் கெடுத்த ஒரு மின்சுற்றுப் பலகையைக் கொண்டுவந்து அந்தத் தட்டில் வைத்தாள். நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "நாளைக்கு மெர்சிங் போலாம்."

"மககிட்ட சொல்லலையா?"

"சொன்னா போக விடமாட்டா."

மெர்சிங் வீட்டில்

தெப்ராவிலிருந்து கோத்தா திங்கி வழியாக மெர்சிங் போக இரண்டு மணி நேரம். இரண்டு பக்கமும் செம்பனைதான். மடியில் கண்ணாடிப் பெட்டி. பின் சீட்டில் முறுக்கு டின். என் கணவர் வழி முழுக்க என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். கடல் தெரிந்ததும், "நீயே பேசு" என்று சொல்லிவிட்டார்.

புவனாதான் கதவைத் திறந்தார். "வாங்கோ, வாங்கோ. என்ன சொல்லாமல் கொள்ளாமல்?" அவருக்குப் பின்னால் சிவபாதம் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டில் இருந்தாலும் வெள்ளைச் சட்டை, இரண்டு பேனா.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேநீர் வரும், தேநீர் வந்தால் தைரியம் போகும். பெட்டியை நீட்டினேன்.

"சம்பந்தி, உங்க சாமானக் கெடுத்துட்டேன். வேணும்னு செய்யல. ஆனா தப்பு என்னோடதுதான். மன்னிச்சிருங்க."

அவர் பெட்டியைத் திறந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அளவுகோலை எடுத்தார், தடிமன் பார்க்கிற இடுக்கி அளவுகோல். ஆர்மை மூன்று இடத்தில் அளந்தார். துளையை அளந்தார். சட்டைப் பைப் பேனாவை எடுத்துச் செய்தித்தாள் ஓரத்தில் எழுதினார். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை நிமிசம் போட்டனீங்கள்?"

"தெரியல, சம்பந்தி."

"ஏன் தெரியேல்லை?"

இனி என்ன மிச்சம் வைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். விளம்பரக் கணக்கு, சம்பந்தி சாமான் என்று போட்ட நாலாவது கரண்டி, தாலி, போலீஸ், மூன்று மூன்று முகம், நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது வரைக்கும்.

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "புவனா, இஞ்ச வாரும். வெள்ளிக்கிழமை எங்கட வீட்டிலை என்ன நடந்தது?"

புவனா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லும்."

"பருப்பு அடிப்பிடிச்சது" என்றார் புவனா. "நானும் விளம்பரம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். சட்டியே கருகிப்போச்சு. இவர் அண்டைக்குக் கடைப் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டவர்."

யார் முதலில் சிரித்தது என்று எனக்கு நினைவில்லை. என் கணவராகத்தான் இருக்கும், அவருக்கு அடக்கத் தெரியாது. ஆனால் சிவபாதம் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். புவனா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். தேநீர் வந்தது, முறுக்கு டின் திறந்தது. அந்தக் கல்யாணத்தில் எப்போதோ நடந்திருக்க வேண்டிய முதல் விருந்து அதுதான்.

"துளைக்கு உள்ளுக்கு ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு வச்சா ஊசி இறுக்கமா நிக்கும்" என்றார் சிவபாதம். "மெலிஞ்சதை ஒண்டும் செய்ய ஏலாது. பரவாயில்லை, ஓடும். வடிவாய்த்தான் இருக்கு, பாருங்கோ." ஆர்மை வெளிச்சத்தில் பிடித்தார். தழும்பைத் தாண்டி அது மின்னத்தான் செய்தது.

பிறகு எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் இன்னொரு பஞ்சுப் பொட்டலம். பிரித்து என் முன்னால் வைத்தார். திட்டுத் திட்டாக நீலம். இடது ஆர்ம்.

"இதையும் நீங்களே செய்யுங்கோ."

"சம்பந்தி, வேணாம். இது ஒண்ணுதான் நல்லதா இருக்கு."

"ஓம். அதுதான் உங்களிட்டைத் தாறன். ஒரு தரம் பிழை விட்ட ஆள் அடுத்த தரம் கவனமாச் செய்யும். சோடா இருக்கு. இப்பவே செய்வம்."

பின்பக்கம் போனோம். கிணற்றடி மாதிரி ஒரு சிமெண்டு மேடை, அதற்கு அப்பால் தென்னை, அதற்கும் அப்பால் மீன் காய்கிற வாசனை. புவனா ஐஸ்கிரீம் டப்பாவும் பாத்திரம் கழுவுகிற உறையும் கொடுத்தார். நிரஞ்சனின் பழைய நீச்சல் கண்ணாடி கிடைத்தது. தண்ணீரை ஊற்றினேன். சோடாவை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கரண்டியைத் தூர வைக்கச் சொல்லி என் கணவரிடம் கொடுத்தேன்.

சிவபாதம் கடிகாரம் கட்டிய மணிக்கட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலில் நின்று நிலம் அளக்கிறவர் குரலில், "விடுங்கோ" என்றார். விட்டேன். "அரை நிமிசம்" என்றார். குமிழ் கிளம்பியது. "ஒரு நிமிசம்." நீலம் ஓரத்தில் கலையத் தொடங்கியதும் அந்த மனிதர் அதிகாரத்தை மறந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தலையும் டப்பாவுக்கு மேலே. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அப்போது என் கைப்பையில் மணி அடித்தது. ஷாலினி. நாங்கள் மெர்சிங்கில் இருப்பது எப்படியோ நிரஞ்சன் மூலமாகத் தெரிந்துவிட்டிருக்கிறது. என் கையில் உறை, உறையில் சோடா. நான் சிவபாதத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து போய்க் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தார். அவள் பதறிக்கொண்டு என்னமோ கேட்பது எனக்கே கேட்டது.

"பிள்ளை" என்றார் அவர், "உங்கட அம்மாவும் நானும் வேலையா இருக்கிறம். பிறகு எடுங்கோ."

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டு, வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்தார்.

"மூண்டு நிமிசம்" என்றார்.

மறுபக்கமும் உரியட்டும் என்று நான் ஆர்மைத் திருப்பிப் போட்டேன்.